எம்.எல்.ஏ எந்திரிச்சுப் பேசினா என்ன ஆகும்?

பல்லடம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "எம்.எல்.ஏ சட்டசபையில பேசற வீடியோ எங்க ஊர் குரூப்ல வந்துட்டே இருக்குங்ண்ணா. ரோடு கேக்கறார், தண்ணி கேக்கறார், பென்ஷன் கேக்கறார். கேட்டா எதாவது நடக்குமா, இல்ல ஸ்டேட்டஸ் வெக்கறதுக்கு மட்டும்தானா?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க இதைத்தான் பேசப் போறேன். திருப்பூர் சுத்துவட்டாரத்தை வெச்சே பேசறேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்ச மண் அது.

முதல்ல அந்த வீடியோவுல என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். உறுப்பினர் எந்திரிப்பார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எனது தொகுதிக்குட்பட்ட இந்த ஊராட்சியில் தார்ச்சாலை மிகவும் பழுதடைந்துள்ளது, அதைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்." அமைச்சர் எந்திரிப்பார். "உறுப்பினர் கோரிய பணி நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்." ரெண்டு பேரும் உட்கார்ந்துருவாங்க. மொத்தம் நாப்பது செகண்ட். கேக்கறதுக்குச் சடங்கு மாதிரி இருக்கும். ஆனா அந்த நாப்பது செகண்ட்ல ஒரு காரியம் நடந்திருக்கு. வாய்ப்பேச்சா இருந்த ஒரு குறை, அவைக்குறிப்புல ஏறிருச்சு. அதுக்கு ஒரு அமைச்சர் ஒரு பதில் சொல்லியாச்சு. அவ்வளவுதான், அதுக்கு மேல இல்ல. அதுக்குக் கீழயும் இல்ல.

இப்ப ஒரு பெரிய கதைக்குப் போலாம். சாதாரண எம்.எல்.ஏ கூட இல்ல, முதலமைச்சரே பேரவையில நின்னு இந்தப் பக்கத்து விவசாயிங்களுக்காகப் பேசின கதை.

கொச்சியில இருந்து கூட்டநாடு வழியா பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டு போற கெயில் குழாய்த் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது தமிழ்நாட்டுல கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டத்துல சுமார் 310 கிலோமீட்டர் போகணும். போற வழி எது? தோட்டம். தென்னந்தோப்பு. கெணத்து மேடு.

இந்த ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன். நம்ம பக்கத்துல நெறைய பேருக்கு மூணு ஏக்கர், நாலு ஏக்கர்தான். மழை கம்மி. கெணறும் போர்வெல்லும்தான் சாமி. குழாய்க்காக எடுத்துக்கற பட்டை 20 மீட்டர் அகலம். உங்க தோட்டத்துக்குள்ள அது 100 மீட்டர் நீளத்துக்குப் போகுதுன்னா, 2,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட அரை ஏக்கர். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நிலம் உங்க பேர்லயேதான் இருக்கும். பட்டா மாறாது. வரி நீங்கதான் கட்டணும். ஆனா அதுல கெணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, மரம் வெக்கக்கூடாது. 1962ல போட்ட பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. நிலத்தை வாங்கல, 'உபயோக உரிமை'யை மட்டும் எடுத்துக்கறாங்க. அதனால இழப்பீடும் நிலத்தோட முழு மதிப்பு இல்ல, சந்தை மதிப்புல 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதத்துக்குத் தனியா. கணக்குக்கு வெச்சுக்கலாம், அந்த அரை ஏக்கர் 20 லட்சம் போகும்னா உங்களுக்கு ரெண்டு லட்சம். அதுக்கப்புறம் அந்த நிலத்தை யார் விலைக்குக் கேப்பாங்க? பொண்ணு கல்யாணத்துக்கு விக்கலாம்னு வெச்சிருந்த துண்டு அது.

விவசாயிங்க விடல. போராட்டம், மறியல், கோர்ட்டு. ஹைகோர்ட் சொல்லி, 2013 மார்ச் மாசம் தலைமைச் செயலாளர் கோயம்புத்தூருக்கே வந்து விவசாயிங்க கருத்தைக் கேட்டார். மார்ச் 25ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில அறிக்கை வாசிச்சாங்க. வேளாண் நிலத்து வழியாக் குழாய் போகக்கூடாது, நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போகணும், பதிச்ச குழாயை எடுத்துட்டு நிலத்தைச் சமன் பண்ணிக் குடுக்கணும்னு கெயிலுக்கு உத்தரவு. நம்ம ஊர்ல அன்னைக்குப் பட்டாசு வெடிச்ச எடம் உண்டு. ஒரு சட்டப்பேரவைப் பேச்சுக்கு இதை விடப் பெரிய பலம் என்ன இருக்க முடியும்? பேசினது முதலமைச்சர். பின்னாடி தனிப்பெரும்பான்மை.

அதே வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட் அந்த உத்தரவு செல்லாதுன்னு சொல்லிருச்சு. மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2016 பிப்ரவரி 2ஆம் தேதி அங்கயும் தோத்துச்சு. காரணம் ரொம்ப எளிமை. பெட்ரோலியம், எரிவாயு எல்லாம் அரசியலமைப்புல ஒன்றிய அரசோட பட்டியல்ல இருக்கு. 1962 சட்டமும் நாடாளுமன்றம் போட்டது. குழாய் எந்த வழியாப் போகணும்னு சொல்ற அதிகாரம் கோட்டையில இல்ல.

இதைக் கேட்டுட்டு "அப்ப பேரவையில பேசறதே தண்டம்"னு நீங்க முடிவு பண்ணிறக்கூடாது. நான் அப்படி நெனைக்கல. என் கணக்கு வேற. ஒரு குறை எங்க பொறந்துச்சுன்னு பாக்காம, அதை எந்த வாசல்ல கொண்டு போய்க் கத்தினாலும் சத்தம்தான் மிஞ்சும். நம்ம பகுதியோட தனிப்பட்ட சிக்கல் என்னன்னா, இங்க இருக்கற முக்காவாசிக் குறைகள் தொகுதி எல்லைக்குள்ள அடங்கறதே இல்ல. குழாய் கொச்சியில ஆரம்பிக்குது. ராய்கர்ல இருந்து புகளூர் வரைக்கும் வந்த 800 கிலோவோல்ட் உயர்மின் கோபுரம் சத்தீஸ்கர்ல ஆரம்பிக்குது. அதுக்காகவும் 2018 டிசம்பர்ல கொங்கு மாவட்டத்து விவசாயிங்க உண்ணாவிரதம் இருந்தாங்க. அங்கயும் இதே கதைதான். கோபுரம் உங்க நிலத்துல, சட்டம் டெல்லியில. சட்டம்னா அதுக்கு வேர் 1885 தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் கம்பி இழுக்கறதுக்குப் போட்டது.

ஒரு குறை எந்த வாசலுக்குப் போனாலும் தொறக்க மாட்டேங்குதுன்னு மக்கள் முடிவு பண்ணிட்டா என்ன செய்வாங்க? அதுக்கும் நம்ம பக்கத்துலயே பதில் இருக்கு. மொடக்குறிச்சி.

திருப்பூருக்குப் பக்கத்து மாவட்டம், ஈரோட்டுக்குத் தெக்க. 1996 சட்டமன்றத் தேர்தல். எந்தக் கட்சி வந்தாலும் எங்க கோரிக்கை காத்துல போகுதுன்னு கோபப்பட்ட விவசாய சங்கத்துக்காரங்க, அவங்களே மனு தாக்கல் பண்ண ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. கடைசியில களத்துல நின்னது 1,033 பேர். ஒரு தொகுதிக்கு! வாக்குச் சீட்டுன்னு சொல்ல முடியல, புத்தகமா அச்சடிக்க வேண்டியதாப் போச்சு. தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. கடைசியில ஜெயிச்சது தி.மு.க.வோட சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழல. அதாவது அவங்களே அவங்களுக்குப் போட்டுக்கல. இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு அதுதான் அந்தக் கதையோட முக்கியமான வரின்னு தோணுது. அவங்க ஜெயிக்கறதுக்கு நிக்கவே இல்லீங்க. 'எங்களுக்காகப் பேச ஆள் இல்ல'ங்கறதை அரசாங்கத்தோட சொந்தக் காகிதத்துலயே அச்சடிக்க வெச்சாங்க.

அரசாங்கம் என்ன பதில் சொல்லுச்சு? அப்ப சட்டமன்றத்துக்கு நிக்க டெபாசிட் 250 ரூபா. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினாங்க. சுயேச்சைன்னா பத்து பேர் முன்மொழியணும்னாங்க. அப்புறம் 2009ல போட்ட திருத்தத்துல டெபாசிட் 10,000 ஆயிருச்சு. மொடக்குறிச்சி மட்டும் காரணம் இல்ல, அதே வருஷம் ஆந்திராவுல நல்கொண்டா மக்களவைத் தொகுதியில 480 பேர் நின்னாங்க, குடிதண்ணியில ஃபுளோரைடுங்கற பிரச்சனைக்காக. இப்படி நெறைய நடந்துச்சு. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி கேள்வி கேக்கற கட்டணத்தை ஏத்திட்டாங்க பாருங்க, அது எனக்கு உறுத்துது. கட்டணம் ஏறியும் 2019ல தெலங்கானாவுல நிசாமாபாத் மஞ்சள் விவசாயிங்க, ஆளுக்கு 25,000 ரூபா டெபாசிட் கட்டி, நூத்தி எழுபதுக்கு மேல நின்னாங்க. முதலமைச்சர் மகள் அங்க தோத்தாங்க. மஞ்சள் வாரியம் வேணும்ங்கறதுதான் கோரிக்கை. 2025 ஜனவரியில தேசிய மஞ்சள் வாரியம் நிசாமாபாத்துலயே தொறந்தாங்க. நம்ம ஈரோடும் மஞ்சள் ஊருதான். அதை இங்க நிறுத்திக்கறேன்.

நம்ம பக்கத்துக் கோபத்துக்கு இன்னும் பழைய வேர் இருக்கு. திருப்பூர்ல இருந்து கோபி போற வழியில பெருமாநல்லூர். 1970 ஜூன் 19, மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்துல போலீஸ் சுட்டு மூணு விவசாயிங்க செத்தாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் அங்க அஞ்சலி செலுத்தறாங்க. நாராயணசாமி நாயுடு தலைமையில சங்கம் வளர்ந்த காலம் அது. 1984ல சிறு விவசாயிங்களுக்கும், 1989ல வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிங்களுக்கும் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் குடுத்துச்சு. கவனிச்சீங்களா? மின்சார வாரியம் மாநிலத்தோடது. கட்டணம் அப்ப கோட்டையில முடிவான விஷயம். அந்த வாசல்ல தட்டினாங்க, தொறந்துச்சு. ஆனா உயிர் குடுக்க வேண்டியிருந்துச்சு.

இப்ப கொஞ்சம் சங்கடமான எடத்துக்கு வரேன். விவசாயியும் அரசாங்கமும் மோதற கதை சொல்றது சுலபம். நம்ம ஆளுங்களே ரெண்டு பக்கமும் நின்னா?

நொய்யல். சாயப்பட்டறைக் கழிவு ஆத்துல விட்டு, ஒரத்துப்பாளையம் அணையில போய்த் தேங்குச்சு. பாசனத்துக்குன்னு தொண்ணூறுகள் தொடக்கத்துல கட்டின அணை. பத்தாயிரம் ஏக்கர் சொச்சம் நிலத்துக்குத் தண்ணி குடுக்கணும்ங்கறது திட்டம். குடுத்தது உப்பும் சாயமும். இப்ப அந்த ஆயக்கட்டு எங்க இருக்குன்னு பாருங்க. பெரும்பகுதி கீழ கரூர் மாவட்டத்துல. சாயம் ஓடறது ஒரு எம்.எல்.ஏ.வோட தொகுதி, நிலம் சாகறது இன்னொரு எம்.எல்.ஏ.வோட தொகுதி. திருப்பூர் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடறது யாரு? சாயப்பட்டறை முதலாளி, அங்க வேலை பாக்கற தொழிலாளி, அவங்களை நம்பி டீக்கடை வெச்சவர். அவர் எந்திரிச்சு "எங்க ஊர் பட்டறையை மூடுங்க"ன்னு எப்படிக் கேப்பார்? எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் கேக்க மாட்டார். அவரைத் திட்டறதுக்குச் சொல்லல. அந்த நாற்காலியோட அமைப்பே அப்படி.

அதனாலதான் அந்தச் சண்டை பேரவையில நடக்கல, கோர்ட்டுல நடந்துச்சு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க சங்கம் வழக்குப் போட்டாங்க. கழிவை ஒரு சொட்டுகூட வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு, சுப்ரீம் கோர்ட் 2009ல அதை உறுதி பண்ணுச்சு. அப்பவும் ஓடிட்டிருந்துச்சு. 2011 ஜனவரி 28, ஹைகோர்ட் எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு. அந்த வருஷம் எங்க வீதியில எத்தனை பேர் ஊருக்குத் திரும்பிப் போனாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் ஸ்கூல் பையன். எங்க லைன் வீட்டுல எட்டுல மூணு பூட்டிக் கெடந்துச்சு. அப்புறம்தான் எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் 200 கோடி அறிவிச்சுது. தொழில் நின்னப்பதான் குரல் வந்துச்சு. நெலம் செத்தப்ப வரல. ரெண்டும் நம்ம மக்கள்தான்.

சரி, கேட்டு நடந்த கதையே இல்லியான்னா, இருக்கு. அத்திக்கடவு - அவிநாசி. பவானி ஆத்துல மழைக்காலத்துல உபரியாப் போற தண்ணியை எடுத்து, அவிநாசி, பெருந்துறை, அன்னூர் பக்கமெல்லாம் வறண்டு கெடக்கற குளங்குட்டையை நெரப்பணும். அறுபது வருஷக் கோரிக்கைன்னு சொல்வாங்க. எங்க அப்புச்சி தலைமுறையில கேட்டது. ஒவ்வொரு தேர்தல்லயும் எல்லாக் கட்சி வாக்குறுதியிலயும் இருக்கும், தேர்தல் முடிஞ்சா மாசம் பிறக்கும் போகும், அவ்வளவுதான். 2016 பிப்ரவரியில அவிநாசியில உண்ணாவிரதம் இருந்தாங்க. அதே பிப்ரவரியிலதான் கெயில் வழக்குல தோத்தது, பாத்துக்கங்க. 2019 பிப்ரவரி 28 எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 ஸ்டாலின் தொடங்கி வெச்சார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து வருஷத்துக்கு 1.5 டி.எம்.சி. தண்ணியை மோட்டார் வெச்சு ஏத்தி, 1,045 குளங்குட்டைக்கு விடறாங்க. செலவு 1,900 கோடிக்கு மேல.

இது எப்படி நடந்துச்சு? ஒரு எம்.எல்.ஏ ஒரு நாள் கர்ஜிச்சதால நடக்கல. கட்சி மாறி, ஆள் மாறி, அதே கேள்வி அதே பேர்ல அவைக்குறிப்புல ஏறிட்டே இருந்துச்சு. குளத்து லிஸ்ட் இருந்துச்சு. வரைபடம் இருந்துச்சு. கேட்டது மாநில அரசால செய்யக்கூடிய காரியம். இப்ப கூட எங்க குளத்துக்குத் தண்ணி வரல, குழாய்ல அழுத்தம் பத்தலன்னு ஊர்க்காரங்க சண்டை போடறாங்க. போடட்டும். இல்லாத திட்டத்துக்கு ஏங்கறதை விட இருக்கற திட்டத்தோட வால்வுக்குச் சண்டை போடறது எவ்வளவோ மேல்.

அடுத்து பென்ஷன். இதுல எனக்குச் சொந்த விஷயம் இருக்குங்க, அதனால கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

எங்க அம்மாவுக்கு 56 வயசு. முப்பது வருஷமா பனியன் கம்பெனி வேலை. கைமடியா சேர்ந்தாங்க, அப்புறம் செக்கிங். எத்தனை கம்பெனின்னு கேட்டா விரல் விட்டு எண்ணி ரெண்டாவது கைக்கு வருவாங்க. பாதி எடத்துல பீஸ் ரேட், பி.எஃப் பிடிக்கவே இல்ல. பிடிச்ச எடத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். எல்லாத்துக்கும் ஒரே எண் வந்தது 2014க்கு அப்புறம்தான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துல மாசப் பென்ஷன் முழுசா வேணும்னா பத்து வருஷ சர்வீஸ் காட்டணும், 58 வயசு ஆகணும். அம்மா கணக்குல இருக்கறது எட்டு வருஷம் ரெண்டு மாசம். முந்தின வருஷங்கள் எங்க போச்சு? ஒரு கம்பெனியில நின்னப்ப மொத்தமா எடுத்துட்டாங்க. அது என் காலேஜ் ஃபீஸ். அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டா பி.எஃப் காசோட சேர்த்துப் பென்ஷன் சர்வீசும் அழிஞ்சிரும், காசை எடுக்காம சான்றிதழா வாங்கி வெச்சுக்கலாம்னு அன்னைக்கு யாரும் அம்மாகிட்டச் சொல்லல.

அப்படியே பத்து வருஷம் தேறினாலும் எவ்வளவு வரும்? சம்பளத்தை சர்வீசால பெருக்கி 70ஆல வகுக்கணும். 10,000 ரூபா சம்பளம், 11 வருஷம்னா 1,571 ரூபா. குறைந்தபட்சம் 1,000 ரூபான்னு 2014 செப்டம்பர்ல வெச்சாங்க. அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் பல வருஷமா டெல்லியில போராடறாங்க.

அம்மா ஒரு நாள் கேட்டாங்க. "ஏங்கண்ணு, எம்.எல்.ஏ ஆபீஸ்ல மனு குடுத்தா ஆகுமா?" ஆகாது. இது ஒன்றிய அரசோட திட்டம். மக்களவையில எம்.பி.தான் கேக்கணும். அதே எங்க அப்பத்தா வாங்கற முதியோர் உதவித்தொகையை எம்.எல்.ஏ கேக்கலாம், ஏன்னா அதுல பெரும்பங்கு மாநிலக் காசு. 2023ல 1,000 இருந்து 1,200 ஆச்சு. அதுல ஒன்றிய அரசோட பங்கு, 80 வயசுக்குக் கீழன்னா, 200 ரூபா. அந்த 200 பல வருஷமா 200தான். ரெண்டுமே 'பென்ஷன்'. ஒரே வீடு, ஒரே திண்ணை, ரெண்டு அரசாங்கம்.

எம்.பி.கிட்டப் போலாம்னா அங்கயும் ஒரு கூத்து. திருப்பூர் மாவட்டத்துல எட்டு சட்டமன்றத் தொகுதி. திருப்பூர் வடக்கும் தெக்கும் மட்டும்தான் திருப்பூர் மக்களவைத் தொகுதியில வருது. பல்லடம் கோயம்புத்தூர்ல. அவிநாசி நீலகிரியில, ஆமாங்க, ஊட்டியோட சேர்ந்து. காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டுல. உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில. ஒரு மாவட்டத்துக்கு அஞ்சு எம்.பி. பனியன் கம்பெனிப் பென்ஷன்னு ஒரு பிரச்சனையை எடுத்தா, அது அஞ்சு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம். அஞ்சு பேருக்குச் சொந்தம்னா என்ன ஆகும்னு கூட்டுப் பட்டா வெச்சிருக்கறவங்களைக் கேளுங்க.

ரோடு பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. உங்க வீட்டு முன்னாடி குழி இருந்தா முதல்ல அது யாரோட ரோடுன்னு கண்டுபிடிங்க. மாநகராட்சியா, ஊராட்சி ஒன்றியமா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா. பல்லடம், காங்கயம் வழியாப் போற 81ஆம் நம்பர் ரோட்டுக் குழிக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. சின்ன வேலைன்னா எம்.எல்.ஏ.வோட தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு, வருஷத்துக்கு 3 கோடி. ஒரு தொகுதி முழுக்கப் பிரிச்சா அது எத்தனை வீதிக்கு வரும்னு நீங்களே பாத்துக்கங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. நான் இதுவரைக்கும் 'மக்கள்'னு சொன்னப்ப நீங்க மனசுல அவங்களை நெனைச்சிருக்க மாட்டீங்க. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்து இங்க ஓவர்லாக்லயும் நிட்டிங்லயும் அயர்ன் டேபிள்லயும் நிக்கறவங்க. ஊருக்குள்ள நடந்தா ரெண்டுல ஒரு கடை போர்டுல இந்தி இருக்கு. ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க ஓட்டு அவங்க ஊர்லதான். இங்க அவங்க தங்கற ரூமுக்குத் தண்ணி வரலன்னா அதைத் தன் தொகுதிப் பிரச்சனையா எடுக்கற எம்.எல்.ஏ யாரு?

2023 மார்ச்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்களை அடிக்கறாங்கன்னு வீடியோ பரவுச்சு. பொய் வீடியோ. வேற எங்கயோ, வேற எதுக்கோ நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டினது. அது பாட்னாவுல, பீகார் சட்டப்பேரவையில வெடிச்சுது. எதிர்க்கட்சிக்காரங்க அமளி பண்ணாங்க. அந்த அரசு அதிகாரிங்க குழுவை இங்க அனுப்புச்சு. அவங்க திருப்பூருக்கு வந்து தொழிலாளிங்ககிட்டப் பேசிட்டு, வீடியோ பொய்ன்னு சொன்னாங்க. அதுக்குள்ள ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம், கம்பெனிங்க முன்னாடி பயம். நான் அந்தச் சமயத்துல யோசிச்சது இதுதான். திருப்பூர்ல வேலை பாக்கற ஒருத்தருக்காக ஒரு சட்டப்பேரவையே எந்திரிச்சு நின்னுச்சு. அது ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, அதுக்குக் கெடச்ச தகவல் பொய்யா இருந்துச்சு. நெஜமான குறைகள், அந்த ஓவர்டைம், அந்த ரூம் வாடகை, அந்த பி.எஃப், எந்தப் பேரவையிலயும் ஏறல.

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லணும்ல. நான் செய்யற மாதிரி செஞ்சு பாருங்க தம்பி. மனுவா எழுதாதீங்க, கேள்வியா எழுதுங்க. "எங்கள் பகுதி விவசாயிகள் பாதிக்கப்பட்டுள்ளனர், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்"னு எழுதினா "பரிசீலிக்கப்படும்"தான் வரும். அதுக்குப் பதிலா, இந்த ஊராட்சி, இந்த சர்வே நம்பர்ல இருந்து இந்த சர்வே நம்பர் வரைக்கும், இருகூர் - தேவனகொந்தி பெட்ரோலியக் குழாயை ரோட்டோரம் கொண்டு போக மாநில அரசு எண்ணெய் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கா, எழுதியிருந்தா தேதி என்ன, வந்த பதில் என்னன்னு கேளுங்க. குழாயை நிறுத்தற அதிகாரம் கோட்டைக்கு இல்லாம இருக்கலாம். கடிதம் எழுதினியா இல்லியாங்கறதுக்கு அமைச்சர் ஆமா, இல்லைன்னு சொல்லித்தான் ஆகணும். அந்தப் பதிலோட அடுத்து எம்.பி.கிட்டப் போலாம், கலெக்டர் நடத்தற மாசாந்திர விவசாயிங்க குறைதீர் கூட்டத்துக்குப் போலாம், கோர்ட்டுக்கும் போலாம். 2022 ஆகஸ்ட்ல முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.வுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கை குடுங்கன்னு கேட்டார். உங்க தொகுதிப் பத்துல என்னென்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குப் பக்கத்துல இருக்கற பல பேருக்குத் தெரியல. முதல் கேள்வியா அதையே கேளுங்க.

கேள்வியை ஒரு பக்கத்துல அடக்குங்க. பேரவைக் கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே எம்.எல்.ஏ ஆபீஸ்ல குடுங்க, ஏன்னா கேள்வி நேரத்துக்கு முன்கூட்டியே எழுதித் தரணும், நடுவுல போனா அடுத்த கூட்டத்துக்குத்தான். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியான்னு பாக்காதீங்க. என்னைக் கேட்டா எதிர்க்கட்சிக்காரர் இன்னும் வசதி, கூச்சமில்லாமக் கேப்பார்.

அடுத்த எபிசோட்ல பி.எஃப் பாஸ்புக்கை எப்படிப் படிக்கறது, பழைய நம்பர்களை எப்படிச் சேர்க்கறதுன்னு பாக்கலாம். அம்மாவையே கூட்டிட்டு வந்து உட்கார வெக்கறேன். உங்க வீட்டுல பனியன் கம்பெனிக்குப் போறவங்க இருந்தா, அவங்க பழைய சம்பள ரசீது, பி.எஃப் சீட்டு எது இருந்தாலும் தேடி எடுத்து வெச்சுக்கங்க. டிரங்குப் பெட்டிக்கு அடியில பாருங்க, எங்க வீட்டுல அங்கதான் இருந்துச்சு.